நர்சம்மா மகன் நர்ஸ்

கண்ணு,

நீ அனுப்பிய இங்கிலாந்து நர்சிங் படிப்பு விவரங்களை அச்செடுத்து உன் அப்பாவிடம் கொடுத்தேன். மஞ்சள் வேகவைத்துக் களத்தில் காயப்போட்டிருக்கிற நேரம். ஈரோட்டு மண்டி விலையைத் தவிர வேறு எதுவும் அவர் காதில் ஏறாது. ஆனாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். படித்துவிட்டு, "எம்.எஸ்சி. என்கிறான், அப்புறம் நர்ஸ் என்கிறான். இரண்டில் எதற்குப் படிக்கப் போகிறானாம்?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. நம் ஊரில் எம்.எஸ்சி. நர்சிங் என்பது ஏற்கெனவே நர்சாக இருப்பவர்கள் மேற்கொண்டு படிப்பது. நான்கு வருடம் பி.எஸ்சி. நர்சிங், நர்சிங் கவுன்சிலில் பதிவு, ஒரு வருடமாவது பணி அனுபவம், அதற்குப் பிறகுதான் விண்ணப்பமே போட முடியும். முடித்தவர்களில் பலர் நர்சிங் கல்லூரிகளுக்குப் பாடம் நடத்தப் போய்விடுவார்கள். உன்னைப்போல் பி.எஸ்சி. சைக்காலஜி முடித்த ஒருவன் நேராக எம்.எஸ்சி.யில் சேர்ந்து, இரண்டு வருடத்தில் பதிவுபெற்ற நர்சாக வெளியே வருவது இங்கே கிடையாது, இங்கிலாந்தில் உண்டு என்று விளக்கினேன். "அப்படியானால் குறுக்கு வழியா?" என்றார் உடனே. அதற்குப் பதில் யோசிக்கப்போய்த்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய்.

குறுக்கு வழி இல்லை கண்ணு. அங்கே நர்சாகப் பதிவு பெற மொத்தம் 4,600 மணி நேரப் பயிற்சி வேண்டும். பாதி வகுப்பில், பாதி நோயாளிகளிடத்தில். ஒவ்வொன்றுக்கும் 2,300 மணி நேரம் என்று வைத்துக்கொள். பள்ளி முடித்துவிட்டு மூன்று வருடம் படிக்கிற பிள்ளைக்கும் அதே கணக்குதான், உனக்கும் அதே கணக்குதான். முன்பு படித்ததையும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட அனுபவத்தையும் அதில் கழித்துக்கொள்ள அனுமதி இருக்கிறது, அதிகபட்சம் பாதி வரைக்கும். உன் வருடம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைவது அதனால்தான்.

இங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. போன வருடம் பெரியம்மா என்ன வேலை என்று கேட்டபோது, "ஹெல்த்கேர் அட்மினிஸ்ட்ரேஷன்" என்று சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டுகிறேன், ஊட்டிவிடுகிறேன், நனைந்த துணியை மாற்றுகிறேன் என்று சொல்ல உனக்கு நாக்கு எழவில்லை. இப்போது பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கிற கோப்பில் முதல் பக்கத்தில் அதைத்தான் எழுத வேண்டும். உன் சைக்காலஜி பட்டம் வகுப்பு மணியைக் கழிக்க உதவும். வார்டு மணியைக் கழிக்கப்போவது நீ மறைத்த வேலை.

அதனால் அந்த இல்லத்தின் மேலாளரிடம் இப்போதே கடிதம் வாங்கி வை. எந்தத் தேதியிலிருந்து, மொத்தம் எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை, எல்லாம் அதில் இருக்க வேண்டும். நீ எழுத வேண்டிய பகுதியில் "குளிப்பாட்டினேன்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதே. அது யார் வேண்டுமானாலும் எழுதுவது. குளிப்பாட்டும்போது முதுகுக்குக் கீழே தோல் சிவந்திருந்ததைப் பார்த்தாயா, விரலால் அழுத்தியபோது வெளுக்காமல் சிவப்பாகவே நின்றதா, யாரிடம் சொன்னாய், புரட்டிப் படுக்கவைக்கும் நேரத்தை மாற்றினார்களா என்று எழுது. படுக்கைப் புண் அப்படித்தான் தொடங்கும். அதை முதல் நாளே பார்க்கிற கண் உனக்கு இருக்கிறதா என்றுதான் அவர்கள் தேடுவார்கள்.

வார்டுப் பயிற்சியைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைக்கவில்லை. பயிற்சி மாணவனை அன்றைய பணியாளர் எண்ணிக்கையில் சேர்க்கக்கூடாதாம். வேலை கற்றுக்கொடுக்க ஒருவர், தேறினானா என்று மதிப்பிட வேறொருவர். நாங்கள் படித்த காலத்தில் ராத்திரியில் ஒரு வார்டு முழுக்க மாணவிகள் கையில்தான் இருக்கும். ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் மூன்று வார்டுக்கு நடந்துகொண்டிருப்பார். ட்ரிப் தீர்ந்துபோகும், ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் ஏறும், பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு மூச்சு வாங்கும். யாரிடம் முதலில் ஓடுவது என்பதைச் சொல்லித்தர ஆள் இல்லாமலே கற்றோம். அதில் பெருமை பேசுகிறவர்கள் உண்டு. நான் பேசமாட்டேன். அந்தக் கற்றலுக்கு நோயாளிகளும் விலை கொடுத்திருப்பார்கள்.

உனக்குக் கிடைக்கிற வசதியில் ஒரு ஆபத்தும் உண்டு. எண்ணிக்கையில் இல்லை என்றால் ஓரமாக நிற்கவும் விடுவார்கள். கூச்சப்படுகிற பிள்ளை வார்டில் நர்சுகள் மேசையில் உட்கார்ந்து கணினியைப் பார்த்துக்கொண்டே மணி நேரத்தை நிரப்பிவிடலாம், கையெழுத்தும் கிடைத்துவிடும். நீ கூச்சப்படுகிற பிள்ளை. ஒவ்வொரு டூட்டியிலும் உள்ளே போனதும், "இன்றைக்கு இதைச் செய்ய வேண்டும், கூட நின்று பாருங்கள்" என்று நீயே கேள். இரண்டு வருடப் படிப்பில் நம் வாய்ப்பு தானாக வரட்டும் என்று காத்திருக்க நேரம் கிடையாது.

மருந்துக் கணக்குத் தேர்வைப் பற்றி எழுதியிருந்தாய். படிப்பு முடிவதற்குள் அதில் நூற்றுக்கு நூறு வாங்கியே ஆக வேண்டும் என்பது உனக்கு அநியாயமாகத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை. தொண்ணூற்றைந்து போதும் என்றால் மீதி ஐந்து யார் உடம்பில் ஏறும்? மில்லிகிராமையும் மைக்ரோகிராமையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி பழகு.

இனிப் பெரிய விஷயம். விண்ணப்பிக்கும்போதே பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறாய்: பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு. இங்கே எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. காலையில் பிரசவம், மத்தியானம் பாம்புக்கடி, ராத்திரி மாரடைப்பு, எல்லாவற்றுக்கும் ஒரே சிஸ்டர். நீ மனநலப் பிரிவு என்று முடிவு செய்திருக்கிறாய். பெரியவர்கள் பிரிவை எடுத்தால் வாசல் அதிகம் என்று உன் அறை நண்பன் சொல்வது பொய்யில்லை. பிற்காலத்தில் அமெரிக்கா போக வேண்டும் என்று தோன்றினால், அங்கே பொது மருத்துவம், பிரசவம், குழந்தைகள், மனநலம் எல்லாவற்றிலும் பயிற்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரே பிரிவில் படித்தவர்களுக்கு அங்கே சிக்கல். இதைத் தெரிந்துகொண்டு முடிவெடு. என் மனதைக் கேட்டால், மனநலத்தையே எடு என்பேன். காரணம் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் நான் வேலை பார்த்த வார்டுகளில், "மருந்து குடித்த கேஸ்" இல்லாத வாரம் குறைவு. வாழைக்கும் மஞ்சளுக்கும் அடிக்க வாங்கி வைத்த மருந்துதான். ஆண், பெண், பள்ளிக்கூடப் பிள்ளை, எல்லாரும் வருவார்கள். அவர்களைப் பிழைக்கவைக்க எங்களுக்குத் தெரியும். விஷமுறிவு மருந்தான அட்ரோபின் போகப்போக வாயில் ஊறுகிற நீர் வற்றும், நெஞ்சில் கரகரப்பு அடங்கும், நாடி ஏறும். அளவு கூடினால் ஆள் பிதற்றுவான், குழாயைப் பிடுங்குவான். கண்மணியையும் நாடியையும் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நிற்க வேண்டும். அப்படி நின்று காப்பாற்றியவர்கள் நிறையப் பேர், அந்த வேலையை நான் நன்றாகவே செய்தேன்.

தேறி எழுந்ததும் என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்? "தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிட்டாள் சிஸ்டர், அப்படியே எழுதிவிடுங்கள்" என்று சொந்தக்காரர்கள் கெஞ்சுவார்கள். போலீஸ் பயம், ஊர்ப்பேச்சுப் பயம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வந்த பிறகு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்று ஆனது. 2018இல் அது நடைமுறைக்கும் வந்தது. ஆனாலும் கெஞ்சல் நிற்கவில்லை. ஏன் குடித்தாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆளும் வரவில்லை. எங்களுக்கு நேரமும் இல்லை, அப்படிக் கேட்கும் முறையைக் கற்றுத்தரவும் இல்லை. மனநலம் என்று சில வாரம் போஸ்டிங் போட்டு முடித்துவிட்டார்கள். டிஸ்சார்ஜ் எழுதி, கடன்காரனோ குடிகாரப் புருஷனோ காத்திருக்கிற அதே வீட்டுக்கு வண்டி ஏற்றி அனுப்புவோம். சில முகங்களை மறுபடியும் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒரு நர்ஸ் என் வீட்டிலிருந்து வந்தால் எனக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் மனநலம் என்றால் பேச்சு மட்டும்தான், ஊசியும் பி.பி. கருவியும் வேண்டாம் என்று நினைத்துவிடாதே. 2018இல் இங்கிலாந்தில் வகுத்த தரப்படி, எந்தப் பிரிவில் படித்தாலும் உடம்பைப் பார்க்கும் வேலைகள் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அது நல்ல ஏற்பாடு. தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பல வருடம் முன்னதாகவே இறக்கிறார்கள். அதில் பெரும் பங்கு இதயம், சர்க்கரை, நுரையீரல் நோய்களுக்கு. நெஞ்சு வலிக்கிறது என்று அவர் சொன்னால், "அவருக்கு எப்போதும் அப்படித்தான்" என்று ஒதுக்கிவிடுவது எல்லா நாட்டிலும் நடக்கும். நீ ஒதுக்காதே. க்ளோசபின் என்ற மனநோய் மருந்தை ஆரம்பித்தவருக்கு முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை, லித்தியம் சாப்பிடுகிறவருக்குக் கடைசி மாத்திரைக்குப் பிறகு பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பது, இதெல்லாம் உன் தலையில்தான் இருக்கும்.

இன்னொன்றும் படித்தேன். தானாக வந்து சேர்ந்த மனநோயாளி வெளியே போகிறேன் என்று எழுந்தால், போனால் ஆபத்து என்று தோன்றி, டாக்டரும் பக்கத்தில் இல்லாவிட்டால், மனநல நர்ஸ் ஒருவரே ஆறு மணி நேரம் வரை அவரை நிறுத்திவைக்கலாமாம், அங்குள்ள 1983ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி. என் சர்வீஸில் எந்தச் சட்டமும் எனக்கு அப்படி ஒரு அதிகாரம் கொடுத்ததில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த மனிதனோடு கால்மணி நேரமாவது பேசிப் பார்த்திருக்க வேண்டும். பெரும்பாலும் பேச்சிலேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

பணத்துக்கு வருகிறேன். அந்த நாட்டு மாணவர்களுக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு உதவித்தொகை கிடைக்கிறது, உனக்குக் கிடைக்காது. கட்டணமும் வெளிநாட்டவர் கட்டணம். மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் சம்பாதிக்க முடியாது. வார்டுப் பயிற்சிக்குச் சம்பளமும் இல்லை. இரவுப் பயிற்சி முடித்து வந்து மறுபடியும் வேலைக்கு ஓடினால் எழுத்து வேலை கெடும். சில பல்கலைக்கழகங்களில் ஆய்வுக் கட்டுரை எழுதாமல் முதுநிலை டிப்ளமோவோடு முடித்தாலும் பதிவு கிடைக்கிறது. நீ சேரும் இடத்தில் அது உண்டா என்று கேட்டு வை. அப்பா சீட்டு எடுக்கலாம் என்கிறார், வேண்டாம் என்றேன். நான் ஓய்வுபெற்றபோது வந்த பணம் அப்படியே போஸ்ட் ஆபீசில் கிடக்கிறது. முதல் வருடத்துக்கு அது. இரண்டாவது வருடத்துக்கு நீயும் அப்பாவும் கணக்குப் போடுங்கள்.

அத்தை வந்திருந்தாள். "நர்ஸ் மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" என்று கேட்டாள். நம் பக்கத்தில் தோட்டமும் கிணறும் வைத்திருக்கிற பையன்களே பெண் கிடைக்காமல் பாலக்காடு தாண்டித் தேடிப்போகிறார்கள். அங்கே போகும்போது நர்ஸ் வேலைக்கு என்ன மரியாதை என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு வரட்டும் என்றேன். காபியைக் குடித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாள். அமுச்சிப் பாட்டிக்கு மட்டும் மனக்குறை ஏதும் இல்லை. நர்சம்மா மகன் நர்சாகிறான், இதில் என்ன பேச்சு என்கிறாள்.

உன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அட்டையை நான் எடுத்து வைத்திருக்கிறேன். பயிற்சிக்கு முன் அங்கே மருத்துவப் பரிசோதனையில் கேட்பார்கள். மூன்று தவணையும் போட்டது அதில் இருக்கிறது, எதிர்ப்புச் சக்தி அளவுக்கு மட்டும் நீ அங்கே ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். பாரதியார் பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல்களுக்கு மாமா கோவைக்குப் போகும்போது விண்ணப்பம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், உன் கையெழுத்துப் போட்ட கடிதத்தை ஸ்கேன் செய்து அனுப்பு.

ஞாயிற்றுக்கிழமை போனை அப்பாவிடம் கொடுக்கிறேன். கட்டணம் எவ்வளவு என்பதை நீயே அவரிடம் சொல், நான் நடுவில் வரமாட்டேன்.

அம்மா