முத்தொகுதியின் மூன்றாம் பாகத்தையும் பேசுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளையோருக்கான மிகுபுனைவு நாவல்களைப் பற்றி வரும் மதிப்புரைகள் பெரும்பாலும் முதல் பாகத்தின் அறிமுகத்தோடு நின்றுவிடுகின்றன. மூன்றாம் பாகம் வெளிவரும்போது அதைப் பற்றிப் பேச்சே இருப்பதில்லை. ஆனால் ஒரு முத்தொகுதியின் தரம் தெரிவது அங்கேதான். நாவலாசிரியர் தொடக்கத்தில் தாமே வகுத்த விதிகளுக்கு இறுதிவரை கட்டுப்படுகிறாரா, அல்லது நாயகனைக் காப்பாற்ற அதுவரை சொல்லாத ஒரு வரத்தைத் திடீரென நுழைத்துக் கதையை ஒப்பேற்றுகிறாரா என்பதை இளம் வாசகர்கள் நொடியில் கண்டுகொள்வார்கள்.

பிலிப் புல்மனின் முத்தொகுதி 2000-ஆம் ஆண்டில் 'தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்' நாவலுடன் நிறைவுற்றது. அதன் நாயகி லைராவும் நாயகன் வில்லும் வெவ்வேறு உலகங்களைச் சேர்ந்தவர்கள். உலகங்களுக்கிடையே ஒரு மாயக் கத்தியால் வெட்டிய திறப்புகள் அனைத்தையும் மூடியாக வேண்டும் என்றும், பிற உலகில் நெடுங்காலம் தங்குபவர் நோயுற்று மடிவார் என்றும் தெரியவரும்போது அவர்களுக்குத் தப்பிக்க வழியே இல்லை. ஒரே ஒரு திறப்பை விட்டுவைக்கலாம் என்ற சலுகை கிடைத்தும், இறந்தோர் தம் இருள் உலகிலிருந்து வெளியேறுவதற்கே அதை விட்டுக்கொடுக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, நடுக்கோடை நாளின் நண்பகலில், அவரவர் உலகத்து ஆக்ஸ்போர்டு தாவரவியல் தோட்டத்தில் உள்ள அதே பெஞ்சில் ஒரு மணி நேரம் அமர்வது என்ற உடன்பாடு மட்டுமே மிஞ்சுகிறது. உண்மையைச் சொல்லும் கருவியை இயல்பாகவே படிக்க முடிந்த லைரா அந்த ஆற்றலையும் இழக்கிறாள். இனி பல ஆண்டுகள் உழைத்துப் படித்துத்தான் அதை மீட்க முடியும். இத்தனை இழப்புக்குப் பிறகும் வாசகருக்கு ஏமாற்றம் தோன்றாததற்குக் காரணம், அந்த முடிவில் எங்கும் மழுப்பல் இல்லை என்பதே. பிரிட்டனின் இலக்கியப் பரிசான விட்பிரெட் பரிசின் ஆண்டின் சிறந்த நூல் விருதைப் பெற்ற முதல் சிறுவர் நூலும் இதுவே.

அர்சுலா லெ குவினின் எர்த்சீ நாவல்களில் முதல் மூன்றும் இதே நேர்மையைக் கொண்டவை. ஒவ்வொரு மந்திரமும் உலகின் சமநிலையைத் தொடும் என்று 1968-இல் வந்த முதல் நூலே எச்சரித்துவிடுகிறது. 1972-இல் வந்த மூன்றாம் நூலில், வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே வேறொருவன் திறந்துவிட்ட வாசலை அடைக்க, நாயகனான மந்திரவாதி கெட் தன் ஆற்றல் முழுவதையும் செலவழித்து வெறும் மனிதனாகிறான். இரண்டாம் நூலில் உடைந்த துண்டுகள் ஒன்றிணைந்த கைவளையத்துக்கும் இங்கே பொருள் கிடைக்கிறது: எண்ணூறு ஆண்டுகளாகக் காலியாகக் கிடந்த அரியணைக்கு ஓர் அரசன் வருகிறான், அந்த இளைஞன் முன்னால், அனைவரும் காண, கெட் மண்டியிடுகிறான். லெ குவின் 1990-இல் மீண்டும் அவன் கதையைத் தொட்டபோதும், இழந்த ஆற்றலை அவனுக்குத் திருப்பித் தரவில்லை. அந்த உறுதி எனக்குப் பெருமதிப்பைத் தருகிறது.

இளையோர் நூல் என்றால் எல்லாம் சுபமாக முடிந்தால் போதும் என்று நினைப்பது, அந்த வாசகர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும். எனவே, ஒரு தொடர் முடிவுற்றதும் மூன்று பாகங்களையும் சேர்த்து ஆராயும் விரிவான மதிப்புரைகளைத் தங்கள் இதழ் வெளியிட வேண்டும் என்றும், அவற்றில் சிலவற்றையேனும் பள்ளி மாணவர்களிடமே எழுதி வாங்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்