சிங்கப்பூர்ச் சுற்றுலா: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

மன்னார்குடி

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக நிறைவுற்றது. விளையாட்டு, ஓவியம், பேச்சுப் போட்டிகளில் நம் மாணவர்கள் பரிசுகள் பெற்றுள்ளனர். மழை விடுமுறையால் விடுபட்ட பாடங்களும் முடிந்துவிட்டன. அனைவருக்கும் பாராட்டுகள்.

கோடை விடுமுறையில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் செல்லவிருக்கின்றனர். சிங்கப்பூர் சென்றடையும் நாளிலிருந்து 6 மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். சிறுவர்களின் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் 5 ஆண்டுதான் என்பதால், நான்காம் வகுப்பில் எடுத்ததை இன்றே பீரோவிலிருந்து எடுத்துப் பாருங்கள். விசாவையும், அந்நாட்டில் நுழையுமுன் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டையையும் பள்ளியே கவனிக்கும். வருகை அட்டைக்குக் கட்டணமே கிடையாது; பணம் கேட்கும் இணையதளங்களை நம்ப வேண்டாம்.

இனி, பைகளைப் பற்றி. நம் வட்டாரத்தில் சிங்கப்பூரில் உறவினர் இல்லாத தெருவே இல்லை. என் தங்கை மகனும் அங்கேதான் வேலை பார்க்கிறான். ஆகவே, யாரேனும் புறப்பட்டால் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பும் வழக்கத்தை நான் குறை கூறவில்லை. ஆயினும் சென்ற ஆண்டு விமான நிலையத்தில் எடை போடும் வரிசையில் நின்றபோது, ஒரு மாணவியின் பையில் முறுக்குக்கும் ஊறுகாய்க்கும் அடியில், செய்தித்தாளில் மடித்துச் சணலால் கட்டிய கால் கிலோ கசகசா இருந்தது. நமக்கு அது குருமாவில் அரைத்து ஊற்றும் பொருள். மார்ஃபின் என்னும் போதைப்பொருள் கலந்திருக்கக்கூடும் என்பதால் சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்ட பொருள். எங்கள் ஆசிரியை தரையில் அமர்ந்து பை முழுவதையும் பிரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. பொட்டலத்தில் என்ன இருந்தது என்றே அறியாத அந்தப் பெண் அழுதுகொண்டு நின்றாள்.

போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை விதிக்கும் நாடு அது. "அடுத்த வீட்டுக்காரர் கொடுத்தார்" என்பது அங்கே விடையாகாது. எனவே பிறர் தந்த பொட்டலம் ஒன்று இருந்தாலும் அந்த மாணவரின் பயணம் நிறுத்தப்படும். கட்டணமும் திருப்பித் தரப்படாது. 1992 முதல் தடையிலுள்ள சூயிங்கமும் வேண்டாம். மாத்திரைகளை மருத்துவர் சீட்டுடன் மட்டுமே அனுப்புங்கள். ரயிலில் தின்பண்டம் பிரித்தால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் என்பதைப் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அறிவிப்புப் பலகைகளில் தமிழ் இருப்பதைப் பார்த்து, சட்டமும் நம்மூர்ச் சட்டம்தான் என்று அவர்கள் எண்ணிவிடக் கூடாது.

கசகசாவைக் கொடுத்த பாட்டி மறுநாளே பள்ளிக்கு வந்து, "மகன் வாய்க்கு ருசியாகச் சாப்பிடட்டும் என்றுதானே கொடுத்தேன்" என்று வருந்தினார். அவர்மீது எனக்கு மனத்தாங்கல் எதுவுமில்லை. சென்ற ஆண்டு மாணவர்கள் திரும்பி வரும்வரை நள்ளிரவிலும் விமான நிலையத்தில் காத்திருந்த பெற்றோர்களுக்கு இன்றும் நன்றியுடையேன். புறப்படும் நாளுக்கு முந்தைய மாலை 4 மணிக்குப் பள்ளியில் உங்கள் முன்னிலையில் பைகளைத் திறந்து பார்ப்போம்; சாவியை மறவாமல் கொண்டு வாருங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்