டிராஃப்ட்ல பேர் வரலன்னா ஆடினது இல்லன்னு ஆயிடுமா

கண்ணா,

டிராஃப்ட்ல பேர் வரல, காலேஜ்ல பேஸ்பால் ஆடின "நாலு வருஷம் வேஸ்ட்ப்பா"ன்னு நேத்து போன்ல சொன்னியே, அது இன்னும் மனசுல நிக்குது. பேச ஆரம்பிச்சா நீ "சரிப்பா சரிப்பா"ன்னு வச்சிடுவ, அதான் எழுதுறேன். மேஜர் லீக் டீமுங்க புது பசங்கள வரிசையா தேர்ந்தெடுக்கற அந்த டிராஃப்ட் முன்னாடி 40 ரவுண்டு இருந்துச்சு, 2021ல இருந்து 20தான், நல்லா ஆடற பசங்க எத்தனையோ பேர் அதுல விட்டுப்போறாங்க. அத வச்சு நீ ஆடின ஆட்டத்துக்கு மார்க் போடாதடா.

காலேஜ் பேஸ்பாலுக்குன்னே ஒரு ஹால் ஆஃப் ஃபேம் இருக்குல்ல, 2006ல முதல் பேட்ச் எடுத்தாங்க. டேவ் வின்ஃபீல்ட் அதுலயும் இருக்கார், கூப்பர்ஸ்டவுன்ல இருக்கற பெரிய பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம்லயும் இருக்கார், சரி. ஆனா அதே பேட்ச்ல டெக்சாஸ் யுனிவர்சிட்டில ஆடின புரூக்ஸ் கீஷ்னிக்கும் இருக்கார் பாரு, எனக்கு அதுதான் பெருசு. பிட்சிங்கும் பண்ணுவார், பேட்டிங்லயும் வெளுத்து வாங்குவார், 1992, 1993 ரெண்டு வருஷமும் காலேஜ்ல சிறந்த ஆட்டக்காரருக்கு குடுக்கற டிக் ஹவ்சர் டிராஃபி அவருக்குத்தான். சிகாகோ கப்ஸ் டீம் டிராஃப்ட்ல முதல் ரவுண்டுலயே எடுத்தாங்க, ஆனா மேஜர் லீக்ல நிலையா ஒரு இடம் அமையல, டீம் மாறி டீம் மாறி கடைசில 2003ல மில்வாக்கி டீம்லதான் பிட்சிங், பேட்டிங் ரெண்டையும் சேர்த்து செய்ய விட்டாங்க. மேஜர் லீக் கணக்க மட்டும் பாத்தா அவர யாரு ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்ப்பா? இவங்க அத பாக்கல, காலேஜ் ஜெர்சி போட்டு இருபது வயசுல என்ன செஞ்சார்னு பாத்தாங்க. அதான் நியாயம்னு நான் உறுதியா நெனைக்கிறேன்.

ராபின் வென்ச்சுராவும் அந்த பேட்ச்தான், 1987ல ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கு ஆடும்போது தொடர்ந்து 58 மேட்ச்ல ஒரு ஹிட்டாவது (பந்த அடிச்சு பேஸுக்குப் போறது) அடிச்சார்.

அப்புறம் உனக்குப் பிடிச்ச மைக் மார்ட்டின். ஃப்ளோரிடா ஸ்டேட்ல 40 சீசன் கோச், 2,029 வெற்றி, ஓமஹாவுல நடக்கற காலேஜ் சாம்பியன்ஷிப்பான காலேஜ் வேர்ல்ட் சீரிஸுக்கு 17 தடவ டீம கூட்டிட்டு போனார், ஒரு தடவகூட கப் கிடைக்கல. 17 தடவடா! ஒவ்வொரு தடவையும் ஓமஹாவுக்கு போய் தோத்துட்டு திரும்பி வந்து மறுபடி முதல்ல இருந்து புது பசங்கள வச்சு ஆரம்பிக்கணும்னா அதுக்கு எவ்ளோ நெஞ்சுரம் வேணும், யோசிச்சுப் பாரு. அவர் 2024ல இறந்துபோனப்போ நீ எவ்ளோ வருத்தப்பட்டன்னு எனக்குத் தெரியும், கப் இல்லாத ஆளுக்காகவா வருத்தப்பட்ட?

எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி) டீம்ல ஆடின வாரன் மோரிஸ் கதைய நீதான் எனக்கு சொன்ன. 1996 காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் ஃபைனல், மணிக்கட்டு எலும்பு உடைஞ்சு நிறைய மேட்ச் வெளிய இருந்துட்டு வந்தவர், ஒன்பதாவது இன்னிங்ஸ், ரெண்டு அவுட், முதல் பந்துலயே ஹோம் ரன், அந்த சீசன்லயே அவருக்கு அது ஒன்னே ஒன்னுதான். எதிர்ல ஆடி தோத்த மியாமி பசங்க அப்படியே தரையில விழுந்துட்டாங்க.

1859ல ஆம்ஹர்ஸ்ட்டும் வில்லியம்ஸும் பிட்ஸ்ஃபீல்டுல முதல் காலேஜ் மேட்ச் ஆடினப்போ டிராஃப்டே கிடையாது, மேஜர் லீக்கே கிடையாது. 73க்கு 32, ஆம்ஹர்ஸ்ட் ஜெயிச்சாங்க, அதோட விடாம செஸ்லயும் மோதினாங்க. அவங்களுக்கு காலேஜ் பேருதான் எல்லாமே.

ஜூன்ல ஓமஹா போலாம், அம்மாவும் வர்றேங்கறா. உன் ஆபீஸ்ல இப்பவே லீவு கேட்டு வை, நான் டிக்கெட் போடறேன்.

அப்பா