பருவ நிறைவுக் கடிதம்: பலகை விளையாட்டு மன்றமும் காளான்களும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவமும் நல்லபடியாக முடியப்போகிறது. விளையாட்டு விழா சிறப்பாக நடந்தது. தேர்வு விடைத்தாள்கள் இதற்குள் உங்கள் கைக்கு வந்திருக்கும். ஓவியக் கண்காட்சியிலும் விநாடி வினாவிலும் பங்கேற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் வாழ்த்துகள்.

அப்புறம், நூலகத்தில் தொடங்கிய பலகை விளையாட்டு மன்றம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

சதுரங்கப் பலகைக்குத்தான் போட்டி இருக்கும் என்று நினைத்தோம். பிள்ளைகள் வரிசையில் நிற்பதோ ‘அண்டர்குரோவ்’ விளையாட்டுக்கு. எலிசபெத் ஹார்கிரேவ், மார்க் வூட்டன் இருவரும் வடிவமைத்து 2024இல் வெளிவந்தது. ஆடுபவர் ஒவ்வொருவரும் டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மர வகையில் ஒரு தாய்மரம். மரம் பூஞ்சைக்குக் கார்பன் கொடுத்து, பதிலுக்கு நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் வாங்கித் தன் நாற்றுகளை வளர்க்க வேண்டும். மண்ணுக்கடியில் உண்மையில் நடக்கும் கொடுக்கல் வாங்கலும் ஏறக்குறைய இதுதான். நாம் காளான் என்று பார்ப்பது பூஞ்சை வித்துகளைப் பரப்பும் பகுதி மட்டுமே, அதன் உடல் மண்ணுக்குள் ஓடும் மெல்லிய இழைகள் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி காலைக் கூட்டத்தில் விளக்கியபோது ஆசிரியர்களும் கவனித்துக் கேட்டார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

சிக்கல் மழைக்குப் பிறகு வந்தது. மைதானத்து மரத்தடியில் காளான்கள் முளைத்தன. விளையாட்டு அட்டையில் பார்த்த காளானை நேரில் பார்த்தால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? பறித்தார்கள், பையில் போட்டார்கள். ஒரு பிள்ளையின் சாப்பாட்டு டப்பாவுக்குள், சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு காளான்கள் இருந்தன. யாரும் எதையும் தின்னவில்லை, பயப்பட வேண்டாம். தொட்டதாலும் ஆபத்து இல்லை. கையைக் கழுவினால் போதும்.

ஆனால் அதற்கு அடுத்த வாரம் சில வீடுகளிலிருந்தே காளான்கள் வந்தன. “ஃபோன் செயலியில் பார்த்துவிட்டோம், நல்ல காளான்தான்” என்ற குறிப்போடு. பிள்ளையின் ஆர்வத்துக்குத் துணை நிற்க நினைத்த உங்கள் மனது புரிகிறது. ஆனாலும் இதை நேராகவே சொல்கிறேன்: தானாக முளைத்த காளான் எதுவும், எந்த வடிவிலும், இனி பள்ளிக்குள் வரக்கூடாது. வந்தால் அப்புறப்படுத்திவிட்டு உங்களை அழைப்போம். இதில் விதிவிலக்கு இல்லை.

காரணமும் சொல்ல வேண்டும் அல்லவா? ‘டெத் கேப்’ என்ற காளானை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் விளையாட்டில் வருவதைப் போலவே மர வேரோடு கூட்டு வைத்து வாழும் பூஞ்சைதான். மரத்துக்கு நண்பன், நமக்கு எமன். அதை அடையாளம் காட்டும் முக்கியக் குறி, தண்டின் அடியில் இருக்கும் கிண்ணம் போன்ற உறை. அது பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் தெரியாததைச் செயலி எப்படிச் சொல்லும்? வேகவைத்தாலும் இதன் நஞ்சு போகாது. வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, பூச்சி கடித்திருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் சோதனையே அல்ல. இன்னொன்று, தின்றவுடன் எதுவும் தெரியாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கவே பெரும்பாலும் 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறகு சற்றுக் குணமானது போலத் தோன்றும். அந்த நேரத்தில்தான் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும்.

அதனால், பிள்ளை எதையாவது வாயில் வைத்ததாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். மிச்சத் துண்டு இருந்தால் ஒரு காகிதப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

சரி, திட்டியது போதும். மன்றம் நிற்காது. மைதானத்துக் காளான்களைப் பார்க்கலாம், வரையலாம், படம் எடுக்கலாம்; பறிக்கத்தான் கூடாது. அறிவியல் ஆசிரியர் கடையில் வாங்கிய, தொப்பி நன்றாக விரிந்த காளான்களைக் காகிதத்தில் கவிழ்த்து, வித்து அச்சு எடுக்கக் கற்றுத்தரப் போகிறார். ஒரு கிண்ணத்தால் மூடி ஓர் இரவு விட்டால் போதும், தொப்பியின் அடியில் உள்ள மெல்லிய மடிப்புகளின் கோடுகள் உதிர்ந்த வித்துகளால் காகிதத்தில் அப்படியே பதிந்திருக்கும். பார்க்க அழகாக இருக்கும்.

இந்த விளையாட்டை மன்றத்துக்கு அன்பளிப்பாகத் தந்த பெற்றோருக்கும், மாலையில் வந்து விதிகளைச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும் மனமார்ந்த நன்றி. விஷயத்தைச் சொன்னதும் கோபித்துக்கொள்ளாமல் கேட்டுக்கொண்ட அந்தச் சில வீட்டாருக்கும் தனியாக நன்றி.

கடைசியாக ஒன்று. விளையாட்டின் விதிப்புத்தகத்தைக் காணவில்லை. யார் வீட்டுப் புத்தகப் பையிலாவது இருந்தால் விடுமுறைக்கு முன் நூலகத்தில் வைத்துவிடச் சொல்லுங்கள். யார் எடுத்தது என்று கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்