பழைய பின்னூட்டங்களுக்கு வழி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தமாக வலைத்தளம் நடத்தும் தமிழ் எழுத்தாளர்களும் சிற்றிதழ்களும் கவனிக்காமல் விடும் ஒரு குறையைத் தங்கள் நாளிதழ் வழியாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

வலைத்தளங்களை நடத்தப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளில், வாசகர்கள் எழுதும் பின்னூட்டங்களைப் பக்கங்களாகப் பிரிக்கும் வசதி, 2008 டிசம்பரில் வெளியான 2.7ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது. அதைத் தேர்வு செய்தால், நாமாக மாற்றாதவரை, பக்கத்துக்கு 50 என்ற கணக்கில் பின்னூட்டங்கள் பிரிக்கப்பட்டு, கடைசிப் பக்கமே முதலில் திறக்கும். பின்னூட்டங்களுக்கு வரும் பதில்கள் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. ஆகவே, சூடான விவாதம் நடக்கும் ஒரு கட்டுரையில் 51ஆவது பின்னூட்டமாக ஒருவர் “நல்ல பதிவு” என்று எழுதினால், அதுவரை நடந்த உரையாடல் முழுவதும் முந்தைய பக்கத்துக்குப் போய்விட, புதிதாக வரும் வாசகரின் கண்ணில் அந்த இரண்டு சொற்கள் மட்டுமே படுகின்றன.

முந்தைய பக்கத்துக்குச் செல்லும் இணைப்போ, பல தீம்களில் (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் வார்ப்புருக்களில்) வெறும் அம்புக்குறியாக, வெளிறிய சாம்பல் நிறத்தில், பட்டியலின் அடியில் மட்டும் இருக்கிறது. இடப்பக்கம் நோக்கும் அம்பு பழையதைக் காட்டுகிறதா, புதியதைக் காட்டுகிறதா என்று யாருக்குத் தெரியும்? கைப்பேசியில் படிப்பவர் அதைப் பார்க்காமலே கடந்துவிடுவார். அறிவார்ந்த மறுப்புகளும் திருத்தங்களும் இப்படிப் படிக்கப்படாமல் கிடப்பது வருத்தத்துக்குரியது.

இதைச் சரிசெய்வது கடினமன்று. 2015 டிசம்பரில் வந்த 4.4ஆம் பதிப்பு முதல் இந்த இணைப்புகளைக் காட்டுவதற்கென்றே, தீமின் நிரலில் இடும் ஒரு கட்டளை இருக்கிறது. “பழைய பின்னூட்டங்கள்”, “புதிய பின்னூட்டங்கள்” என இணைப்பின் வாசகத்தை அதில் நாமே தமிழில் கொடுக்கலாம். பார்வையற்றோரின் திரைவாசிப்பான் படிப்பதற்கென மறைவாக அமையும் தலைப்பையும் தமிழிலேயே தரலாம். அக்கட்டளையைப் பட்டியலின் மேலும் கீழும் இடுவது அவசியம். மூலத் தீமில் கைவைத்தால் அடுத்த புதுப்பிப்பில் மாற்றம் அழிந்துவிடும் என்பதால், பின்னூட்டங்களைக் காட்டும் கோப்பை, மூலத் தீமைச் சார்ந்து தனியாக அமைக்கும் சைல்டு தீமில் நகலெடுத்துத் திருத்த வேண்டும்.

விவாதத்தைத் தொடக்கத்திலிருந்து படிப்பதே முறை என்பதால், முதல் பக்கம் முதலில் திறக்கும்படி அமைப்பதே நல்லது என்பது என் கருத்து. ஐம்பது பின்னூட்டங்கள் அரிதாகவே சேரும் தளங்களுக்குப் பக்கப் பிரிப்பே தேவையில்லை. அமைப்புகளில் ‘விவாதம்’ பகுதிக்குச் சென்று அந்தத் தேர்வை நீக்கிவிட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை.