தந்திக்கு முந்தைய மோர்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தந்தியின் வரலாற்றைப் பற்றித் தங்கள் இதழில் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தந்தி அலுவலகத்தில் 28 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், சாமுவேல் மோர்ஸ் என்ற பெயரைக் கண்டாலே என் கண் அங்கே நின்றுவிடும். அந்தக் கட்டுரை, அவர் முதலில் ஓவியராக இருந்தார் என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டு, மனைவியின் மரணச் செய்தி தாமதமாகக் கிடைத்த துயரத்தில்தான் தந்தியைக் கண்டுபிடித்தார் என்று அடுத்த வரியிலேயே சொல்கிறது. முதல் வரி போதாது, இரண்டாவது வரி சரியில்லை என்பதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

மோர்ஸ் 1791-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சார்ல்ஸ்டவுனில் பிறந்தவர். தந்தை ஜெடிடையா மோர்ஸ் பாதிரியார். பள்ளிப் பிள்ளைகளுக்கான புவியியல் நூல்களால் பெயர் பெற்றவர். யேல் கல்லூரியில் படிக்கும்போதே மகன் தந்தத் தகட்டில் சிற்றோவியம் வரைந்து 5 டாலருக்கும், பக்கவாட்டு முகத்தை 1 டாலருக்கும் கொடுத்துக் கைச்செலவைப் பார்த்துக்கொண்டார். 1811-இல் வாஷிங்டன் ஆல்ஸ்டன் என்ற ஓவியரோடு லண்டனுக்குப் போய், மூத்த ஓவியர் பெஞ்சமின் வெஸ்டிடமும் ராயல் அகாடமி என்ற கலைக் கழகத்திலும் பயின்றார். உயிர்விடும் கிரேக்கப் புராண வீரன் ஹெர்குலிஸைப் பெரிய கித்தானில் தீட்டுவதற்கு முன் களிமண்ணில் செய்து பார்த்த சிறிய உருவத்துக்கே அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

ஊர் திரும்பியபோது அந்தப் பதக்கத்தால் பயன் இருக்கவில்லை. வரலாற்றுக் காட்சிகளையும் புராணக் காட்சிகளையும் பெரிதாக வரைவதே உயர்ந்த கலை என்று லண்டன் அவருக்குக் கற்பித்திருந்தது; அவற்றை வாங்கி மாட்ட அரசவையோ பெரிய தேவாலயங்களோ அன்றைய அமெரிக்காவில் இல்லை. காசு கொடுத்து வரையச் சொன்னவர்கள் எல்லோரும் கேட்டது தங்கள் முகத்தைத்தான். அதனால் நியூ ஹாம்ப்ஷயரின் சிற்றூர்களில் அலைந்து தலைக்கு 15 டாலர் வாங்கி முகங்களை வரைந்தார்; தெற்கே சார்ல்ஸ்டன் நகரத்துக்குக் குளிர்காலந்தோறும் போய் 60 டாலர் வாங்கினார். குடியரசுத் தலைவர் மன்றோவை அவர் அந்த நகர மன்றத்துக்காக வரைந்த படம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் முகம் வரைவதில் அறிவுக்கு வேலையே இல்லை என்றுதான் அவர் லண்டனிலிருந்து வீட்டுக்கு எழுதியிருந்தார். என் எண்ணத்தில், அவர் தம்மைப் பற்றிச் செய்த மிகப் பெரிய தவறு இதுதான். தாழ்வாக நினைத்துச் செய்த அந்த வேலையில்தான் அவர் கை உயர்ந்து நிற்கிறது.

ஒரு சான்று சொல்கிறேன். 1822-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையின் மாலை அமர்வை 11 அடி அகலக் கித்தானில் வரைந்தார். அவைக்கூடத்துக்கு அடுத்த அறையிலேயே தங்கி, உறுப்பினர்களை ஒவ்வொருவராக அழைத்து உட்காரவைத்து, 80-க்கும் மேற்பட்ட முகங்களைப் பதிவு செய்தார். படத்தின் நடுவில் எந்தத் தலைவரும் இல்லை; கூரையிலிருந்து இறக்கிய பெரிய விளக்குக்கொத்தை ஊழியர் ஒருவர் ஏற்றிக்கொண்டிருக்கிறார், அந்த ஒளியில் சபை கூடிக்கொண்டிருக்கிறது. ஊர் ஊராகக் கட்டணம் வைத்துக் காட்டியும், பரபரப்பான காட்சியை எதிர்பார்த்த மக்கள் வரவில்லை. நட்டம்தான் மிஞ்சியது.

1825-இல் நியூயார்க் நகரம், அமெரிக்க விடுதலைப் போரில் போரிட்ட பிரெஞ்சுத் தளபதி லாஃபயெத்தின் முழு உருவப்படத்தை வரையும் பணியை அவருக்கு அளித்தது. அதற்காகத்தான் அவர் வாஷிங்டனில் இருந்தார். நியூ ஹேவனில் மூன்றாவது குழந்தையைப் பெற்றுச் சில வாரங்களே ஆகியிருந்த மனைவி லுக்ரீஷியா பிப்ரவரி 7 அன்று இறந்துபோனார். அதை அறியாமல் 10-ஆம் தேதி, உன் கடிதத்துக்கு ஏங்குகிறேன் என்று மோர்ஸ் அவருக்கே கடிதம் எழுதுகிறார். தந்தையின் கடிதம் கைக்குக் கிடைத்து அவர் ஊர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. தந்தி வந்தது என்றாலே வீட்டில் அழுகை தொடங்கிய காலத்தில், எத்தனையோ வீடுகளுக்கான சாவுச் செய்தியை என் கையால் எழுதியெடுத்து அனுப்பியவன் என்பதால், இந்த நிகழ்ச்சி கட்டுரையாளரை எவ்வளவு உலுக்கியிருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் காரணம் வேறு, கதை வேறு. அதற்குப் பிறகு ஏழரை ஆண்டுகள் மோர்ஸ் ஓவியராகவே வாழ்ந்தார். லாஃபயெத்தின் படத்தை முடித்தார். அந்தி வானத்தின் முன்னால் தளர்ந்த தாடையுடன் முதியவர் நிற்க, வாஷிங்டன், பிராங்க்ளின் சிலைகளுக்கு அருகே ஒரு பீடம் காலியாக இருக்கும் அந்தப் படம் நியூயார்க் நகர மன்றத்தில் உள்ளது. தேசிய ஓவியக் கழகத்தை நண்பர்களோடு நிறுவி, 1826 முதல் 1845 வரை அதன் தலைவராக இருந்தார். பாரிஸில் காலரா பரவிய 1832-இலும் லூவர் அருங்காட்சியகத்தில் சாரத்தின் மேல் ஏறி நின்று, அங்கிருந்த 38 ஓவியங்களை ஒரே கித்தானில் சிறிதாக்கி வரைந்துகொண்டிருந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் சல்லி என்ற கப்பலில் ஊர் திரும்பும்போது, மின்சாரம் எவ்வளவு நீளமான கம்பியிலும் நொடியில் பாயும் என்று உடன் வந்த ஒருவர் பேசியதிலிருந்துதான் தந்தி பற்றிய எண்ணம் பிறந்தது. மனைவியின் மரணத்தையும் இதையும் முடிச்சுப் போட்டது பின்னால் வந்தவர்கள்.

லூவர் படத்தை 2,500 டாலருக்கு விற்க நினைத்தவருக்குக் கிடைத்தது 1,300 டாலர். 1982-இல் அதே படம் 32.5 லட்சம் டாலருக்குப் போனது. அவர் நெஞ்சை உடைத்தது 1837-இல் வந்த முடிவுதான். நாடாளுமன்றக் கட்டடத்தின் வட்ட மண்டபத்துக்கு நான்கு பெரிய வரலாற்று ஓவியங்கள் தேவைப்பட்டன. வாழ்நாள் முழுவதும் காத்திருந்த அந்த வேலை மற்ற நால்வருக்குப் போயிற்று. அத்துடன் தூரிகையைக் கீழே வைத்தார். ஓவியத்தை நான் கைவிடவில்லை, அதுதான் என்னைக் கைவிட்டது என்ற பொருளில் 1849-இல் நண்பர் கூப்பருக்கு எழுதினார்.

அதே 1837-இல் அவர் செய்த தந்திப் பொறியின் படத்தை நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சி நூலில் பார்த்தேன். கித்தானை இழுத்துக் கட்டும் மரச்சட்டம் ஒன்றை மேசையின் ஓரத்தில் நிறுத்தி வைத்து, அதிலிருந்து ஒரு நெம்புகோலைத் தொங்கவிட்டு, அதன் நுனியில் பென்சிலைப் பொருத்தியிருந்தார். கடிகாரச் சக்கரங்கள் காகித நாடாவை நகர்த்தும். காந்தம் இழுக்கும்போதெல்லாம் பென்சில் அதில் வளைந்து நெளிந்து கோடு போடும். நாங்கள் விசையைத் தட்டிப் பழகிய அத்தனை புள்ளிகளுக்கும் கோடுகளுக்கும் முன்னோடி, ஓர் ஓவியர் தமக்கு இனித் தேவைப்படாத சட்டத்தில் மாட்டிய பென்சில் என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு மனம் கனக்கிறது.

அவரைக் குறையற்றவராகக் காட்ட நான் விரும்பவில்லை. கத்தோலிக்கர்களையும் குடியேறிகளையும் வெறுத்து எழுதினார், அடிமை முறையை ஆதரித்து வாதாடினார். தங்கள் கட்டுரை இதையும் சொல்லியிருக்க வேண்டும்.

தூரிகையை விடுவதற்குச் சற்று முன் அவர் தம் மகள் சூசனை வரைந்தார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அந்தப் படத்தில், தாயை ஆறு வயதுக்குள் இழந்த அந்தப் பெண் பொன்னிறப் பட்டாடையில், மடியில் தாளும் விரல்களில் பென்சிலுமாக, இன்னும் எதையும் வரையாமல் மேலே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். தந்தி பற்றிய கட்டுரையைத் தாங்கள் நூலாகத் தொகுக்கும்போது, மரணச் செய்தியைப் பற்றிய வரியைத் திருத்தி, அது இருந்த பக்கத்தில் இந்தப் படத்தை வண்ணத்தில் அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற தந்திப் பணியாளர்,
தஞ்சாவூர்.