கோல்கீப்பருக்கு ஒரு விருது

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. உன் அம்மாவின் உடல்நிலை தேறி வருவதை அறிந்து நிம்மதி அடைந்தேன். இங்கு அனைவரும் நலம். மகள் கல்லூரி விடுதிக்குச் சென்றுவிட்டதால், மாலை வேளைகளில் வீடு வெறிச்சென்று இருக்கிறது. மற்ற செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். உங்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர் என்று நீ எழுதியிருந்த அந்தப் பையனின் நினைவு நான்கு நாட்களாக என்னை விடவில்லை.

இறுதிப் போட்டியில் இரண்டு பெனால்டிகளைத் தடுத்து அணியை வெல்ல வைத்தவன் அவன். ஆனால் சிறந்த ஆட்டக்காரருக்கான கோப்பை, கடைசிப் பெனால்டியை அடித்தவனுக்குப் போய்விட்டது. அதன் பிறகு மூன்று நாட்கள் அவன் பயிற்சிக்கே வரவில்லை என்று எழுதியிருந்தாய். "பெரிய போட்டிகளில் எவராவது கோல்கீப்பருக்கு அந்த விருதைக் கொடுத்திருக்கிறார்களா?" என்று அவன் உன்னைக் கேட்டானாமே. கொடுத்திருக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல். அவனிடம் சொல்வதற்காகவே கீழே உள்ளவற்றை எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் லீக் கோப்பையை எடுத்துக்கொள். 1960-ல் அந்தப் போட்டி தொடங்குவதற்கு முக்கியக் காரணமாக இருந்தவர், அப்போது அந்நாட்டுத் தொழில்முறைக் கால்பந்து அணிகளின் அமைப்பான ஃபுட்பால் லீக்கின் செயலாளராக இருந்த ஆலன் ஹார்டேக்கர். இறுதிப் போட்டியின் ஆட்ட நாயகனுக்கு 1990 முதல் அவர் பெயரிலேயே விருது வழங்கி வருகிறார்கள். அந்த முதல் ஆண்டில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணி ஓல்டாமை ஒரே ஒரு கோலில் வென்றது. கோலை அடித்தவர் நைஜல் ஜெம்சன். விருதைப் பெற்றவரோ தடுப்பாட்டக்காரரான டெஸ் வாக்கர். தொடக்கத்திலேயே, கோல் அடித்தவர் யார் என்பதை மட்டும் பார்த்து இந்த விருதைக் கொடுத்துவிடவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அந்தப் பட்டியலில் கோல்கீப்பர்கள் பலர் உண்டு. அவர்களுள் அந்தப் பையனுக்கு முதலில் சொல்ல வேண்டியது போலந்து நாட்டு யெர்சி டூடெக்கின் கதை. 2002 டிசம்பர் முதல் தேதி, லிவர்பூல் அணி தன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை எதிர்த்து ஆடியது. சக வீரர் கேரகர் தலையால் மெதுவாகத் திருப்பி அனுப்பிய பந்து, பள்ளிச் சிறுவன்கூடப் பிடித்துவிடக்கூடிய பந்து, டூடெக்கின் கைகளிலிருந்து நழுவிக் கால்களுக்கு இடையே புகுந்து பின்னால் உருண்டது. யுனைடெட்டின் ஃபோர்லான் ஓடி வந்து காலியான வலைக்குள் தள்ளினார். லிவர்பூல் 1-2 என்று தோற்றது. டூடெக் அணியில் இடத்தை இழந்து, இளைஞர் கிர்க்லண்டுக்குப் பின்னால் உட்கார வேண்டியதாயிற்று. கிர்க்லண்டுக்குக் காயம் ஏற்பட்ட பிறகே அவர் மறுபடியும் வலைக்கு முன் வந்து நின்றார். 2003 மார்ச் 2-ஆம் தேதி கார்டிஃபில் நடந்த லீக் கோப்பை இறுதிப் போட்டியில் எதிரே நின்றதும் அதே மான்செஸ்டர் யுனைடெட்தான். ஜெரார்டும் ஓவனும் கோல் அடித்தார்கள். லிவர்பூல் 2-0 என்று வென்றது. ஆட்ட நாயகன் விருது டூடெக்குக்குக் கிடைத்தது. வந்த பந்துகளையெல்லாம் அன்று தடுத்து நின்றவர் மூன்று மாதங்களுக்கு முன் ஊரே ஏசிய அதே மனிதர் என்பதை நினைக்கும்போது, இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அதற்கு முந்தைய ஆண்டும், 2002-ல், பிளாக்பர்ன் அணியின் கோல்கீப்பர் பிராட் ஃப்ரீடலுக்கே அந்த விருது சென்றது. பென் ஃபாஸ்டர் என்பவரோ இரண்டு வெவ்வேறு அணிகளுக்கு ஆடி, இரண்டு முறை அதை வாங்கியவர். 2009-ல் அவர் மான்செஸ்டர் யுனைடெட்டின் முதன்மைக் கோல்கீப்பர்கூட இல்லை. அந்த இடம் வான் டெர் சாருடையது. டாட்டன்ஹாமுக்கு எதிரான அந்த இறுதி ஆட்டம் கோல் எதுவும் இல்லாமல் முடிந்து, வெற்றியைத் தீர்மானிக்க இரு அணிகளும் மாறி மாறி அடிக்கும் பெனால்டிகளுக்குப் போனது. அதற்குச் சற்று முன், கோல்கீப்பர் பயிற்சியாளர் எரிக் ஸ்டீல் ஒரு சிறிய ஐபாடை ஃபாஸ்டரிடம் காட்டினார். டாட்டன்ஹாம் வீரர்கள் முன்பு அடித்த பெனால்டிகளின் காட்சிகள் அதில் இருந்தன. ஜேமி ஓஹாரா அடித்த முதல் பெனால்டியையே ஃபாஸ்டர் தடுத்தார். யுனைடெட் 4-1 என்று வென்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் பர்மிங்காம் சிட்டியில் இருந்தபோது, இறுதிப் போட்டியில் ஆர்செனல் அடுத்தடுத்துத் தொடுத்த தாக்குதல்களைத் தாங்கி நின்றார். 89-ஆவது நிமிடத்தில் ஆர்செனலின் தடுப்பாட்டக்காரரும் கோல்கீப்பரும் ஒருவரை ஒருவர் நம்பிப் பந்தைத் தவறவிட, பர்மிங்காமின் மார்ட்டின்ஸ் அதை வலைக்குள் தள்ளினார். 1963-க்குப் பிறகு பர்மிங்காமுக்குக் கிடைத்த லீக் கோப்பை அது. கோல் அடித்த மார்ட்டின்ஸை விட்டுவிட்டு ஃபாஸ்டரையே தேர்ந்தெடுத்தார்கள், ஏனெனில் அதுவரை ஆட்டம் கைநழுவிப் போகாமல் காத்தவர் அவர்தான்.

அந்தப் பையனின் நிலைக்கு மிகவும் நெருக்கமானது 2016 பிப்ரவரி 28-ஆம் தேதி நடந்த லீக் கோப்பை இறுதி ஆட்டம். மான்செஸ்டர் சிட்டியின் முதன்மைக் கோல்கீப்பர் ஜோ ஹார்ட். வில்லி கபயேரோ அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர். ஒரு வாரம் முன்புதான், இங்கிலாந்தின் மற்றொரு கோப்பைப் போட்டியான எஃப்.ஏ. கோப்பையில் கபயேரோ வலையைக் காத்த ஆட்டத்தில் செல்சியிடம் சிட்டி 1-5 என்று தோற்றிருந்தது. இறுதிப் போட்டிக்கு ஹார்ட்டை இறக்க வேண்டும் என்று பலரும் சொன்னார்கள். லீக் கோப்பை ஆட்டங்களில் அதுவரை ஆடிய கபயேரோவே இறுதியிலும் ஆடுவார் என்று வாக்குக் கொடுத்திருந்த பயிற்சியாளர் பெல்லெக்ரினி, அந்த வாக்கிலிருந்து மாறவில்லை. லிவர்பூலுடனான ஆட்டம் 1-1 என்று முடிந்து, பெனால்டிகள் தொடங்கின. சிட்டியின் முதல் பெனால்டி கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அந்த நிலையிலிருந்து லூகாஸ், கூட்டின்யோ, லல்லானா என்று வரிசையாக வந்த மூவரின் பெனால்டிகளையும் கபயேரோ தடுத்தார். கடைசிப் பெனால்டியை யாயா டூரே வலைக்குள் செலுத்தினார்; விருதோ கபயேரோவுக்குப் போனது. உங்கள் மைதானத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு என்பதை அவனிடம் மறைக்காமல் சொல்.

ஆயினும் கோல்கீப்பர் பெனால்டி தடுத்தால் விருது அவருக்கே என்று நான் வாதிட மாட்டேன். 2006-ஆம் ஆண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில், வெஸ்ட் ஹாமுக்கு எதிராக, லிவர்பூலின் கோல்கீப்பர் ரெய்னாவும் மூன்று பெனால்டிகளைத் தடுத்தார். ஆனால் அந்த ஆட்டத்தின் நாயகன் விருது ஜெரார்டுக்குச் சென்றது. அது சரியே என்பது என் கருத்து. வெஸ்ட் ஹாமின் இரண்டாவது கோல் ரெய்னா கைநழுவ விட்ட பந்திலிருந்து வந்தது. கூடுதல் நேரத்தின் கடைசியில் ஒரு பந்தை அவர் விரல் நுனியால் கம்பத்தில் படும்படி தட்டிவிட்டுக் காப்பாற்றியதும் உண்மையே. ஜெரார்டோ இரண்டு கோல்கள் அடித்தார். அவற்றுள் இரண்டாவது, ஆட்டம் முடியும் தறுவாயில், ஏறத்தாழ முப்பத்தைந்து கஜ தூரத்திலிருந்து அடித்தது. அது ஆட்டத்தைச் சமன் செய்யாவிட்டால் ரெய்னாவுக்குத் தடுப்பதற்குப் பெனால்டியே இருந்திருக்காது. விருதுக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பவர்கள் பார்க்க வேண்டியது இதைத்தான்: எவரை எடுத்துவிட்டால் அந்த ஆட்டம் தோல்வியில் முடிந்திருக்கும்? முழு ஆட்டத்தையும் பார்த்தவர்களால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். பரிசு மேடைக்கு வந்து அமர்ந்த பின் கடைசிப் பத்து நிமிடங்களை மட்டும் பார்ப்பவரின் கண்ணில் கோல் அடித்தவனே நிற்பான். உங்கள் ஊரில் நிகழ்ந்தது அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நம் பள்ளி நாட்களில் நீ வலையைக் காத்ததை நான் மறக்கவில்லை. ஒவ்வொரு பெனால்டிக்கும் முன் குதிகாலால் செம்மண்ணில் ஒரு கோடு கிழித்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் அரைக்கால் சட்டையில் துடைத்துக்கொண்டு நிற்பாய். கோல் முகத்தில் மழைநீர் தேங்கிய பள்ளத்துக்குள் நீ விழுந்து எழுந்த அந்த அரையிறுதியில், நான் அடித்த ஒரு கோலுக்காக என்னைத் தோளில் தூக்கினார்கள்; உன்னை எவரும் தூக்கவில்லை. சேறு காய்ந்த சட்டையோடு நீ சைக்கிளில் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டாய். அதைப் பற்றி உன்னிடம் அன்றே பேசியிருக்க வேண்டும். பேசாதது என் தவறு.

அந்தப் பையனை வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து, கபயேரோவின் அந்த மூன்று தடுப்புகளையும் உன் கைபேசியில் போட்டுக் காட்டு. லல்லானா ஓடி வரும் வரை அவர் எவ்வளவு நேரம் அசையாமல் நிற்கிறார் என்பதை அவனே பார்க்கட்டும். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அவனுக்கு நல்ல கையுறை ஒரு ஜோடி வாங்கி வருகிறேன். உள்ளங்கையின் சுற்றளவை நாடாவால் அளந்து, அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்பு. வளரும் வயது என்பதால் அரை அங்குலம் கூட்டியே வாங்கலாம் என்றிருக்கிறேன்.

அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வலப்பக்க முன்கள ஆட்டக்காரன்